‘ம்’ கொட்டியது யார்?

எங்கள் அப்பா எடைமேடையில் வேலை பார்க்கிறார். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகளும் சிமென்ட் லாரிகளும் ஓயாமல் ஓடும் ஒரு சாலையின் ஓரத்தில் இருக்கிறது அது. வண்டி வெறுமனே வரும்போது ஒரு எடை, சரக்கோடு வரும்போது இன்னொரு எடை. இந்த இரண்டுக்கும் நடுவில் டிரைவர்கள் செய்யக்கூடிய அத்தனை தில்லுமுல்லும் அப்பாவுக்கு அத்துப்படி. ஒருவன் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு வருவான். ஒருவன் ஸ்டெப்னியைக் கழற்றி எங்கேயோ இறக்கிவைத்துவிட்டு வருவான். ஒருவன் கிளீனரை சீட்டுக்குப் பின்னால் படுக்கவைத்துப் போர்வை போர்த்திக்கொண்டு வருவான். அதனால் அப்பா எந்த வண்டியையும் நம்புவதில்லை. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பால்காரர், கேஸ் கொண்டுவருபவர், கல்யாணப் பத்திரிகையோடு வரும் சொந்தக்காரர் என்று எல்லாரையும் அவர் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். எனக்கும் அந்தக் குணம் அப்படியே வந்துவிட்டது. தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பேன். அந்தப் பக்கம் முதலில் வாயைத் திறக்கட்டும் என்று காத்திருப்பேன்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் அந்த மின்னஞ்சல் வந்தது.

திருச்சியில் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தபடியே பல இடங்களுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தேன். சென்னையில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு வெளிநாட்டு இன்வெஸ்ட்மென்ட் பேங்கில் அனலிஸ்ட் வேலை என்று பார்த்ததும் அதற்கும் போட்டிருந்தேன். போட்டதோடு மறந்தும் போயிருந்தேன். ‘நீங்கள் அடுத்த சுற்றுக்குத் தேர்வாகியிருக்கிறீர்கள், கீழே உள்ள லிங்கைத் திறந்து உங்கள் வீடியோ நேர்காணலைப் பதிவு செய்யுங்கள்’ என்று பதில் வந்தபோது ஒரு கணம் துள்ளினேன். அடுத்த கணமே சந்தேகம் வந்தது. அனுப்பியவரின் முகவரியை எழுத்து எழுத்தாகப் படித்தேன். கம்பெனியின் இணையதளத்தில் இருக்கும் பெயரோடு ஒப்பிட்டேன். ஒரு புள்ளிகூட மாறவில்லை. அப்புறமும் அந்த லிங்கைத் தொட மனம் வரவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே கேட்டார்.

“இன்டர்வியூல ஒங்கிட்ட யாரு பேசுவா?”

“யாரும் பேச மாட்டாங்கப்பா. கேள்வி ஸ்கிரீன்ல எழுத்தா வரும். யோசிக்க அரை நிமிஷம் குடுப்பாங்க. அப்பறம் கேமராவைப் பாத்து நான் பதில் சொல்லணும். அது ரெக்கார்டு ஆயிரும்.”

“எதுத்தாப்புல யாரு உக்காந்திருப்பா?”

“யாருமில்ல.”

“ஆளே இல்லாம ஒரு இன்டர்வியூவா?” என்று அப்பா திரும்பிப் பார்த்தார். பூலாம்பாடிப் பக்கத்துப் பையன்களை வெளிநாட்டு வேலைக்கு எடுக்கிறோம் என்று பெரம்பலூரில் லாட்ஜில் ரூம் போட்டு இன்டர்வியூ நடத்திவிட்டு, மறுநாள் ரூமைக் காலி செய்துவிட்டு ஓடிப்போனவர்களின் கதை எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அப்பா அதைத்தான் எடுத்தார். “அந்தத் திருட்டுப்பயகூட நேர்ல வந்து நாற்காலி போட்டு உக்காந்து கேள்வி கேட்டான். இவன் அதுக்குக்கூட வர மாட்டேங்குறானே!”

அது என்ன வேலை என்று விளக்கியதுதான் இன்னும் மோசமாகப் போனது. பேங்க் என்றதும் அம்மா, “கவுன்டர்ல உக்காருவியா, உள்ள ரூம்லயா?” என்று ஆசையாகக் கேட்டாள். கவுன்டரே கிடையாது, இந்த பேங்கில் நம் மாதிரி ஆட்கள் யாரும் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது என்றேன். ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கவேண்டும் என்றால் அதற்கு என்ன விலை தகும் என்று கணக்குப் போட்டுச் சொல்வார்கள், பணம் திரட்டிக் கொடுப்பார்கள், முடித்துக் கொடுத்ததற்கு கமிஷன் வாங்கிக்கொள்வார்கள் என்றேன்.

“புரோக்கர்னு சொல்லு,” என்றார் அப்பா.

சுண்ணாம்புக்கல் கிடைக்கும் பூமியில் பிறந்தவர்களுக்குப் புரோக்கர் என்ற சொல் எப்படிக் காதில் விழும் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. எங்கள் பக்கத்து நிலங்களை அற்ப விலைக்குப் பேசி ஆலைகளுக்கு முடித்துக்கொடுத்தவர்கள் அவர்கள்தான். கோபம் எனக்கும் தலைக்கேறியது. கத்தினேன். ஆனால் கத்தி என்ன பயன்? அப்பா நம்பினால்தான் நான் சென்னைக்குப் போக முடியும். நம்பாவிட்டால் அதற்கும் ஒரு ஏற்பாடு தயாராக இருந்தது. ஜெயங்கொண்டம் ரோட்டில் ஒரு சிமென்ட் ஏஜென்சி. அதன் முதலாளி அப்பாவுக்கு நெடுநாள் பழக்கம். “நம்ம பாப்பாவுக்கு எடம் காலியாத்தான் இருக்கு, எப்ப வேணும்னாலும் வரச் சொல்லுங்க” என்று சொல்லியிருந்தார். அந்த இடத்தை நான் பார்த்திருக்கிறேன். சுவரைப் பார்த்துப் போட்ட ஒரு நாற்காலி, தூசி படிந்த ஒரு கம்ப்யூட்டர். அதில் ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் பிறகு நான் எழுந்திருக்க மாட்டேன் என்று எனக்கு உறுதியாகத் தெரியும்.

பதிவு செய்ய ஒரே ஒரு வாய்ப்பு என்று மின்னஞ்சலில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அதனால் யாரிடமாவது கற்றுக்கொள்ளலாம் என்று பெரம்பலூருக்கு பஸ் ஏறினேன். புது பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்ச தூரத்தில், ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் ஒரு பயிற்சி மையம். எல்லாவிதமான இன்டர்வியூவுக்கும் பயிற்சி என்று வெளியே போர்டு வைத்திருந்தார்கள். உள்ளே இருந்த சார் டை கட்டியிருந்தார். அந்த வெயில் காலத்தில் டையைப் பார்த்ததுமே எனக்கு அவர் மேல் பாதி நம்பிக்கை போய்விட்டது.

“இது ஒண்ணும் பெரிய விஷயமே இல்லம்மா,” என்றார் சார். “நீங்க பேசுறத மனுஷன் யாரும் பாக்குறதில்ல. மிஷின்தான் பாக்கும். எத்தனை தடவ சிரிச்சீங்க, எத்தனை தடவ கண்ணச் சிமிட்டுனீங்கன்னு எண்ணி மார்க் போட்டுரும். கேமரா பக்கத்துல பச்சையா ஒரு புள்ளி எரியும். அதையே பாருங்க. வேற எங்கயும் பாக்கக்கூடாது.”

“ஒங்களுக்கு எப்படி சார் தெரியும்?”

“அதெல்லாம் உள்ள நமக்கு ஆள் இருக்கு,” என்று குரலைத் தாழ்த்தினார்.

பிறகு அச்சடித்த ஒரு தாளை நீட்டினார். ஏன் இந்தத் துறைக்கு வர விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு மாதிரிப் பதில். சின்ன வயதிலிருந்தே எனக்கு நிதித்துறை மேல் தணியாத ஆர்வம் என்று ஆங்கிலத்தில் தொடங்கியது. சின்ன வயதில் எனக்கு ஆர்வம் இருந்ததெல்லாம் ஐஸ் வண்டி மேல்தான். அவர் தன் பழைய மாணவர்களின் வீடியோக்களையும் போட்டுக் காட்டினார். ஒரு பையன் வந்து, சின்ன வயதிலிருந்தே தணியாத ஆர்வம் என்றான். அடுத்து ஒரு பெண் வந்து அதையே சொன்னாள். அவள் சிரித்த இடமும் அவன் சிரித்த இடமும் ஒன்று.

“எல்லாரும் இதையே சொன்னா மாட்டிக்க மாட்டோமா சார்?”

“கேக்குறது மிஷின்மா. அதுக்கு என்ன தெரியப்போவுது?”

“அந்த மிஷின்தான் கண்ணச் சிமிட்டுறதகூட எண்ணும்னு இப்பத்தானே சார் சொன்னீங்க?”

சார் டையைச் சரிசெய்துகொண்டார். பிறகு, எனக்கு வந்த லிங்கையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால் இங்கேயே நல்ல வெளிச்சத்தில் எடுத்துக்கொடுத்துவிடுவேன் என்றார். பாஸ்வேர்டு என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததும் நான் பையை எடுத்துக்கொண்டேன். “அப்பாகிட்ட கேட்டுட்டு வரேன் சார்,” என்று சொல்லி மாடிப்படி இறங்கியவள் திரும்ப ஏறவே இல்லை.

ஆனால் அவர் சொன்னது என்னைவிட்டுப் போகவில்லை. அரியலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு கண்ணைச் சிமிட்டாமல் இருந்து பார்த்தேன். கண்டக்டர் வந்து, “ஒடம்பு சரியில்லையாம்மா?” என்று கேட்டார். உண்மையிலேயே ஒரு மிஷின்தான் என்னைப் பார்க்கப்போகிறதா, அதற்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது, யாரிடம் கேட்பது? மனுஷன் என்றால் முகத்தைப் பார்த்து ஒருவாறு கண்டுபிடிக்கலாம். முகமே இல்லாத ஒன்றை எப்படி நோட்டம் விடுவது என்று எனக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்து நானே பழக ஆரம்பித்தேன். அரிசி டப்பாவின் மேல் போனைச் சாய்த்துவைத்து, எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்து, போட்டுப் பார்த்தேன். பார்த்ததும் எனக்கே என் மேல் நம்பிக்கை வரவில்லை. கண் இடதும் வலதும் ஓடியது. கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். எடைமேடையில் அப்பா வண்டியை நிறுத்திவைத்து விசாரிக்கும் டிரைவர் இப்படித்தான் முழிப்பான். இந்தப் பெண்ணுக்கு நான்கூட வேலை கொடுக்க மாட்டேன்.

அதைவிட வேறொரு கோளாறு இருந்தது. இரண்டு வாக்கியம் பேசியதும் நின்றுவிடுவேன். மறந்துபோய் அல்ல. எதையோ எதிர்பார்த்து நிற்பேன். போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு மறுபடியும் இரண்டு வாக்கியம், மறுபடியும் ஒரு நிறுத்தம். என்ன இது என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தும் பிடிபடவில்லை. ஒரு நாள் மாலை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தேன். நான் நிறுத்திய இடத்தில் அம்மா, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “ம்” என்றாள்.

அவ்வளவுதான். என் பேச்சு மடை திறந்தாற்போல ஓடியது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் பேசினால் கேட்பவர் ‘ம்’ கொட்டியாக வேண்டும். கொட்டாவிட்டால் பேசுகிறவருக்குப் பேச்சு ஓடாது. போனில் பேசும்போது எதிர்ப்பக்கம் சற்று ‘ம்’ விட்டுப்போனால் உடனே, “லைன்ல இருக்கியா? கேக்குதா?” என்று கத்துவார்கள். கேட்கிறேன், நீ மேலே சொல்லு என்பதற்கு அது அடையாளம். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தின் மேல்தான் நான் பேசிவந்திருக்கிறேன், அது இருக்கிறது என்றே தெரியாமல். யாருமே இல்லாத கேமராவின் முன் என் நாக்கு ஏன் தடுக்கியது என்று அன்றுதான் விளங்கியது.

அதற்குப் பிறகு அம்மா என் ஆஸ்தான ரசிகை ஆனாள். போனுக்குப் பின்னால் மனைப்பலகையைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். நான் கம்பெனிகளின் விலையைப் பற்றியும் வட்டி விகிதத்தைப் பற்றியும் ஆங்கிலத்தில் பொழிவேன். அவள் ‘ம்’ கொட்டுவாள். எவ்வளவு கவனமாகக் கேட்கிறாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு நாள், “நான் சொன்னதுல என்னம்மா புரிஞ்சுது?” என்று கேட்டேன்.

“எனக்கு என்னடி புரியும்? நாளைக்கு மாவு அரைக்கணுமே, கரண்டு கட்டுன்னு சொன்னானேன்னு நெனச்சுகிட்டு இருந்தேன்,” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அந்த ‘ம்’ வேலை செய்தது. அப்பா மட்டும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் போனை எட்டிப் பார்த்து, “இது இப்பவே அவனுக்குப் போவுதா?” என்று கேட்பார். இல்லை என்று சொன்னாலும் நம்பாமல் குனிந்து, வராந்தா சுவரோரமாக நடந்து போவார்.

பதிவு செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தை எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு லாரிச் சத்தம் சற்றுக் குறைவாக இருக்கும். லேப்டாப்பைத் திறந்து லிங்கைத் தொட்டதும் விதிமுறைகள் வந்தன. அமைதியான இடத்தில் இருங்கள், வெளிச்சம் முகத்தில் விழட்டும், பிறர் உதவியைப் பெறக்கூடாது. கடைசியில் இருந்ததை நான் இரண்டு முறை படித்தேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தெரியாதவள் என்ன உதவி செய்துவிட முடியும்? இருந்தாலும் ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்று, “சத்தம் வரக்கூடாதும்மா. தலைய மட்டும் ஆட்டு,” என்று சொன்னேன். அம்மா அப்போதே தலையை ஆட்டிக் காட்டினாள். அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார், யாரும் கூப்பிட்டுவிடக்கூடாது என்று. அப்படித்தான் நான் நினைத்தேன். ஓ.டி.பி. ஏதாவது கேட்டால் உடனே ஓடிவந்து லேப்டாப்பை மூடுவதற்காக உட்கார்ந்திருந்ததாகப் பிற்பாடு சொன்னார்.

முதல் கேள்வி உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். இரண்டாவது, ஏன் இந்தத் துறை. அம்மா தலையை ஆட்டினாள், நான் பேசினேன். நன்றாகவே போனது. மூன்றாவது, நீங்கள் கவனித்துவரும் ஒரு தொழில்துறையைப் பற்றிச் சொல்லுங்கள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்துவிட்டது. அரியலூர்க்காரியிடம் போய் இதைக் கேட்டால்? சிமென்ட் என்று ஆரம்பித்தேன். கல் எங்கே வெட்டுகிறார்கள், லாரி எவ்வளவு தூரம் ஓடுகிறது, மழைக்காலத்தில் ஏன் விற்பனை படுக்கிறது, ஏன் பெரிய கம்பெனி சின்ன கம்பெனியை வாங்கும்போது ஆலையைவிடக் கல் கிடக்கும் நிலத்துக்குத்தான் விலை வைக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனேன். அப்படிப் பேசியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. முடித்து லேப்டாப்பை மூடினேன். “பாஸாயிட்டேன்மா,” என்று அம்மாவைக் கட்டிக்கொண்டேன்.

சில வாரம் ஒரு தகவலும் இல்லை. அப்பா, “நான்தான் சொன்னேன்ல,” என்பதை வாயால் சொல்லாமல் முகத்தால் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலை, அவர் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. வழக்கம்போல எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. அந்தக் கம்பெனியின் ஹெச்.ஆர். பிரிவிலிருந்து பேசினார். நான் தடுமாறித் தமிழில் பேசியதும் அவரும் தமிழுக்கு வந்தார்.

“உங்க மூணாவது பதில் ரொம்ப நல்லா இருந்துச்சு. அதுலதான் ஒரு பிரச்சினை. இன்னொரு குரல் கேக்குது. நீங்க ஒவ்வொரு தகவல் சொன்னதும் யாரோ ‘ம்’னு சரி பாக்குறாங்க. யாரு பக்கத்துல இருந்து எடுத்துக்குடுத்தது?”

அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. முதல் இரண்டு பதிலிலும் அவளுக்கு ஒரு சொல்லும் தெரியாது. தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாவதில் சிமென்ட் வந்தது, லாரி வந்தது, அரியலூர் வந்தது. தெரிந்த சொல் காதில் விழுந்ததும் அவளை அறியாமல் ‘ம்’ வாய்விட்டு வந்திருக்கிறது. அதைக் கேட்டுத்தான் நானும் அப்படிப் பொழிந்திருக்கிறேன். வீட்டில் மூன்று பேர் இருந்தும் ஒருவர் காதிலும் அது விழவில்லை. சுவர்க்கடிகாரம் ஓடுவது எங்களில் யாருக்குக் கேட்கிறது? அதுபோலத்தான்.

“எங்கம்மா மேடம். அவங்களுக்கு இங்கிலீஷே தெரியாது.”

“தெரியாதவங்க எதுக்கு சரின்னு சொல்லணும்?”

நியாயமான கேள்வி. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இதைவிடக் கடுமையாகக் கேட்டிருப்பேன். அதற்குள் அப்பா பக்கத்தில் வந்து, “ஓ.டி.பி. கேக்குறாளா? குடுக்காத, குடுக்காத,” என்று காதோரம் கிசுகிசுத்தார். அதுவும் அந்தப் பக்கம் கேட்டிருக்கும். “இப்பவும் யாரோ சொல்லிக்குடுக்குறாங்க போலிருக்கே,” என்றார் அந்த அம்மாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் சற்று நிதானித்து, “அம்மாகிட்ட போனைக் குடுங்க,” என்றார்.

ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

“பொண்ணு பேசும்போது நீங்க என்னம்மா சொல்லிக்குடுத்தீங்க?”

“நான் ஒண்ணுமே சொல்லலைங்களே.”

“ம்னு ஒரு சத்தம் கேட்டுச்சே.”

“அதுங்களா? ம் கொட்டுனாகூட பேசுனதா ஆயிருமா?” என்றாள் அம்மா, நிஜமான ஆச்சரியத்தோடு.

அந்த அம்மாள் விதிகளை விளக்க ஆரம்பித்தார். நேர்காணலில் இன்னொருவர் இருக்கக்கூடாது, எத்தனையோ பேர் பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு ஏமாற்றுகிறார்கள் என்றார். அம்மா ‘ம்’ என்றாள். அதனால் எங்களுக்கு எல்லார் மேலும் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது என்றார். அம்மா ‘ம்’ என்றாள். ஒரு நாளைக்கு இப்படி எத்தனை வீடியோ பார்க்கிறோம் தெரியுமா, கண்ணே எரியும் என்றார். அம்மா, “ம்… பாவம்,” என்றாள். அந்தப் பக்கம் மூச்சு விட்டாற்போல ஒரு சிரிப்பு. “மேல கேட்டுட்டுச் சொல்றேன்,” என்று சொல்லி வைத்துவிட்டார். பார்ப்பது மனுஷர்கள்தான், கண் எரிய எரியப் பார்க்கிறார்கள் என்று அப்போது எனக்குத் தெரிந்தது. பெரம்பலூர் சாரை மனசுக்குள் நன்றாகத் திட்டிக்கொண்டேன்.

இரண்டாவது லிங்க் வந்தது. இன்னொரு வாய்ப்பு, புதிய கேள்விகள், அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது. எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்தது. அப்பாவுக்கு இதுவே போதுமான சாட்சியாகிவிட்டது.

“மொதத் தடவ சிக்கலன்னு மறுபடி தூண்டில் போடுறான். வேலை குடுக்குறவன் எவனாச்சும் தப்புப் பண்ணுனவளுக்கு ரெண்டாந்தடவ சான்ஸ் குடுப்பானா?”

“நான் என்னப்பா தப்புப் பண்ணுனேன்?” என்று கத்திவிட்டேன். ஆனால் நான் பதிவு செய்த அன்றைக்கு அப்பா, அம்மாவை டி.வி.எஸ். பின்னால் உட்காரவைத்து எடைமேடைக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். வீட்டில் அம்மா இருந்தால் அடுக்களையிலிருந்தாவது ‘ம்’ கொட்டிவிடுவாள் என்று அவருக்குப் பயம். நம்பாத ஒரு விஷயத்துக்காக அவர் இவ்வளவு மெனக்கெட்டார்.

காலி வீட்டில் உட்கார்ந்து பேசினேன். அது மாதிரி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நாக்கு நின்றது. நிற்கும் இடத்திலெல்லாம் வாயைத் திறக்காமல் எனக்கு நானே உள்ளுக்குள் ஒரு ‘ம்’ போட்டுக்கொண்டேன். முதல் தடவை மாதிரி அருவியாக வரவில்லை. ஆனால் கண் ஓடவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

பிறகு போனில் ஒரு சுற்று, இன்னொரு சுற்று. கடைசியில் வேலைக்கான உத்தரவு வந்தது. அம்மா தெருவையே கூப்பிட்டுச் சொன்னாள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேப்டாப் திரையை மேலிருந்து கீழாகப் பார்த்தார். “முத்திரை இல்லையே,” என்றார். “நேர்ல ஒருத்தனையும் பாக்காம புள்ளய அனுப்ப மாட்டேன்,” என்றார். பெண் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வருவதுபோல, கம்பெனியை ஒரு நடை பார்த்துவிட்டு வருவதாக முடிவு செய்தார். நானும் வருகிறேன் என்றதற்கு மறுத்துவிட்டார். முன்கூட்டித் தெரிந்தால் அவர்கள் உஷாராகிவிடுவார்களாம். சொல்லாமல் போய் நின்றால்தான் உண்மை தெரியுமாம். அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை ஒரு மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, அரியலூரில் விடியற்காலை ரயில் ஏறினார்.

நான் அன்று முழுக்க ஏஜென்சி நாற்காலியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு ஏதாவது ஒன்று சரியாகப் படாவிட்டால் போதும். போர்டில் தூசி இருந்தால் போதும். யாராவது ரொம்பச் சிரித்துப் பேசினால்கூடப் போதும், திரும்பி வந்து வேண்டாம் என்றுவிடுவார்.

மறுநாள் காலையில் வந்தார். முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். அம்மா டம்ளரை நீட்டினாள். வாங்கிக் குடித்து முடித்தார்.

“என்னங்க, கம்பெனி இருந்துச்சா இல்லையா?”

“இருக்கு. கண்ணாடிக் கட்டடம். ஆகாசத்துக்கு நிக்கிது.”

“உள்ள போனீங்களா?”

“கேட்டுலயே நிறுத்திட்டான். யாரைப் பாக்கணும்னான். யாரையும் பாக்க வேணாம், கம்பெனி நெசமான்னு பாக்கணும்னேன். அவ்வளவுதான், ரெண்டு பேரு வந்துட்டானுங்க. பையத் தொறக்கச் சொன்னான். சோத்துப் பொட்டலத்தப் பிரிச்சு, குச்சியால கிளறிப் பாத்தான். எம்பொண்ணு இங்க வேலைக்கி வருதுன்னு சொன்னேன். இந்தாளு பொண்ணான்னு ஒருத்தன் மொகத்த இன்னொருத்தன் பாத்துக்கிட்டான். வெயில்ல ரோட்டுக்கு அந்தாண்ட போயி நிக்கச் சொல்லிட்டான். சாயங்காலம் வரைக்கும் நின்னு, போறவங்க வரவங்களப் பாத்தேன். ஒன்ன மாதிரி புள்ளைவ நெறைய போவுது வருது. கழுத்துல அட்டை மாட்டிகிட்டு.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எங்கள் அப்பாவின் சோற்றைக் குச்சியால் கிளற அவன் யார்? அந்த வேலையே வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் வருத்தத்தைத் தேடினேன். அங்கே இருந்தது வேறு. எத்தனையோ மாதங்களாக நான் பார்க்காத ஒரு நிம்மதி.

“நல்ல கம்பெனி பாப்பா,” என்றார். “என்னையவே உள்ள வுடல. நீ போ.”